இரண்டு மெகாபிட்

கிண்ணியா நஸ்மியின் ஐஸ் வாடி,
திருக்கடலூரில் பதினேழு வள்ளம்,
எடை, விலை, முற்பணம், மூன்று வருடக் கடன்
எல்லாம் எங்கள் அலுமாரியின் கீழ்த்தட்டில்,
தர்மினியின் கூறைச்சேலைப் பெட்டிக்குப் பக்கத்தில்,
மூடி கழற்றிய பழைய கணினிக்குள் இருக்கின்றன.
சூடாகும். அதனால் அலுமாரிக்குக் கதவில்லை.

கீழே இறங்க இருபது மெகாபிட்.
மேலே ஏற இரண்டு.
இணைப்பு எடுக்கும்போது
ஏறுவதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.
நானும் கேட்கவில்லை.

விடிய நாலரைக்கு வள்ளம் கரை தட்ட
தராசடியிலிருந்து நஸ்மி அடிப்பான்:
"மச்சான், சுத்துது. இன்னும் சுத்துது.
சூரை உருகுது."
சூரை உருகாது, ஐஸ்தான் உருகும்.
நான் திருத்தவில்லை.

முதலில் மகனைப் பிடித்தேன்.
அகரனின் விளையாட்டுக்கு அரை மெகாபிட் என்று
ரவுட்டரில் எழுதினேன்.
திரையில் மூன்று தரம் சுடப்பட்டுச் செத்தான்,
இராச்சாப்பாட்டுக்கு வரவில்லை.
பிறகு தர்மினி.
மூதூர்ப் பிள்ளைகளுக்குப் பின்னேரம் கணிதம்.
பின்னத்தின் நடுவில் உறைந்துபோனாள்:
தொகுதியைச் சொன்னாள்,
பகுதி போய்ச் சேரவில்லை.

"வீட்டுக்குள்ளேயும் சோதனைச்சாவடி போட்டாச்சு, என்ன?"

இந்த ஊரில் அது சின்னச் சொல் இல்லை.
அன்றிரவே விதிகள் எல்லாவற்றையும் அழித்தேன்.

அழித்துவிட்டு வெறுமே
போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒரு மணி பத்து. வீடு உறக்கம்.
வாடியில் அணைக்க மறந்த ஒரு திரை மட்டும்
நிமிடத்துக்கொரு தடவை கேட்டது:
எல்லா வள்ளமும், எல்லா நாளும், எல்லா மீனும் தா.
என் கணினியும் முகம் சுளிக்காமல்
நாற்பத்தோராயிரம் வரிகளை
அந்த ஒற்றையடி ஒழுங்கையால் அள்ளி அள்ளி அனுப்பியது,
கிண்ணியாப் பாலத்துக்கு அப்பால்,
பூட்டிய அறைக்குள், யாரும் வாசிக்காத திரைக்கு.

அந்தக் கேள்வியை எழுதியவன் நான்.
ஐம்பது வரி இருந்த காலத்தில்,
ஒரே மூச்சில், கொஞ்சம் பெருமையோடும்.

இப்போது அது கேட்பது இவ்வளவுதான்:
நான் கடைசியாகப் பார்த்த பிறகு என்ன மாறியது?
மூன்று வரி போகும்.
சில நிமிடங்களில் ஒன்றும் போகாது.
அந்த ஒன்றுமில்லாததை
ஒரு மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலரைக்குப் போன் அடிக்கவில்லை.
நானே அடித்தேன்.
"வேலையா நிக்கிறன் மச்சான், வை."

வெளியே படலையடியில்
குப்பைக்கு வைத்த ரவுட்டர்ப் பெட்டியை
இரண்டு புள்ளிமான்கள் மென்றுகொண்டு நின்றன.
'அதிவேகம்' என்று அச்சடித்த மூலை
முதலில் போயிருந்தது.

குசினியில் வெளிச்சம் வந்தது.
ரவுட்டரில் இப்போது விதியொன்றும் இல்லை என்றேன்.
தெரியும் என்றாள், அகரன் சொன்னவன்.
தேத்தண்ணி ஊற்றினாள்,
ஒரு கோப்பை.