காலியாகப் போனவை

என்ன வேலை என்று கேட்டார் கீழ்க்கடை சையது மீரா.
ஒளிர்வு அளக்கிறேன் என்றேன்.
மேலே கை காட்டினார்: அப்போ இந்த டியூப் லைட்டையும் பாரு,
மூணு நாளா துடிக்குது.

அது வெளிச்சமே இல்லை, அண்ணன்.
பெயர்தான் அப்படி.
இரண்டு கற்றைகள் எதிரெதிரே வந்து
ஒன்றுக்குள் ஒன்று எவ்வளவு அடர்த்தியாய் நுழைகின்றன
என்பதற்கு ஓர் எண்.
சொல்லவில்லை. ரொட்டிக்குக் காசு கொடுத்து மாடியேறினேன்.

பாடாங் செராயில் இரவு பதினொன்று,
ஜெனீவாவில் மாலை ஐந்து.
இன்றைய ஓட்டம் எதையும் கண்டுபிடிக்க அல்ல,
அளவுகோலை அளக்க.
முதலில் கற்றைகளை ஒன்றையொன்று தொடாத தூரத்துக்கு விலக்கினார்கள்.
அரை மயிரிழை நகர்த்து.
முப்பது விநாடி பொறு.
எண்ணு.
மறுபடி அரை மயிரிழை.
திரையில் ஒரு குன்று புள்ளி புள்ளியாய் எழும்புகிறது.
அதன் உயரமும் அகலமும் தெரிந்தால் போதும்,
ஒரு குலையில் எத்தனை புரோத்தான் என்பதும் தெரிந்தால்.

குலை என்றுதான் என் குறிப்பேட்டில் எழுதுகிறேன்.
எட்டாயிரம் கோடி ஒரு குலைக்கு.
விடிந்தால் லாரி லாரியாய்ச் செம்பனை போகும் ஊரில்
வேறெந்தச் சொல் வாயில் வரும்?

நிலவு உச்சிக்கு வந்தால்
அந்த இருபத்தேழு கிலோமீட்டர் வளையம்
ஒரு மில்லிமீட்டர் போல நீளும். அதையும் திருத்த வேண்டும்.
ஜன்னல் வழியே பார்த்தேன்,
இங்கே மழைமேகம்.

பன்னிரண்டரைக்குப் புனிதமலர் அழைத்தாள்,
ஆலையின் எடைப்பாலத்திலிருந்து.
அக்கா, பட்ருல் குலையைக் கொட்டிட்டு
வெற்று எடை போடாமலே போயிட்டான்.
நேத்து எண்ணையே எழுதிடவா?
நேத்து மழையா?
இல்லை.
இன்னைக்கு?
அவள் பேசவில்லை. போனுக்குள் தகரக் கூரையில் மழை அடித்தது.
டயரில், தட்டுக்கு அடியில் எவ்வளவு சேறு, தெரியுமா?
அதைக் குலை விலைக்கு வாங்கப் போகிறாய்.
ஒரு லாரிதானேக்கா, யாருக்குத் தெரியப் போவுது.

வைத்துவிட்டாள். கோபம்தான்.
திரும்பிப் பார்த்தால்
என் திரையில் பதினாலாவது புள்ளி இல்லை.
இடி விழுந்து இணையம் அறுந்த நேரம்.
அங்கே பதிவாகியிருக்கும், இங்கே எனக்கு ஓட்டை.
முன்னும் பின்னும் புள்ளிகள் இருக்கின்றன,
நடுவே ஒரு கோடு இழுத்தால் யாருக்குத் தெரியப் போகிறது
என்று என் கையும் கேட்டது.
எலியிலிருந்து விரலை எடுத்தேன்.

நாங்கள் மோதல்களை எண்ணுவதில்லை.
ஒரே நொடித்துளியில் ஒன்றா, மூன்றா,
ஒன்றின்மேல் ஒன்று விழுந்து குழம்பிவிடும்.
ஒன்றும் நடக்காத சந்திப்புகளைத்தான் எண்ணுகிறோம்.
குலையும் குலையும் ஊடுருவி
ஒரு கீறலும் இன்றிக் கடந்து போனவை.
நூற்றில் எத்தனை காலி என்று தெரிந்தால்
ஒரு மடக்கை போட்டு
நடந்தவை எவ்வளவு என்று சொல்லிவிடலாம்.
காலி பொய் சொல்லாது என்பார்கள் எங்கள் குழுவில்.
முழுக்க உண்மை இல்லை.
சில சமயம் கருவி தூங்கியிருக்கும்.
அந்தத் தூக்கத்துக்கும் ஒரு திருத்தம் உண்டு.

இரண்டு மணிக்கு விடுபட்ட புள்ளி வந்து சேர்ந்தது,
நான் இழுத்திருக்கக்கூடிய கோட்டுக்குச் சற்றுக் கீழே.
வளைவு பொருந்தியது, ஓரளவு.
பிழை இரண்டு விழுக்காடு.
இன்னும் எட்டு மாதம் அதைச் சுரண்டுவோம்.

கீழே கடையில் டியூப் லைட் இன்னும் துடிக்கிறது.
நாற்காலிகளைக் கவிழ்க்கும் சத்தம்.
போன் ஒருமுறை அதிர்ந்தது.
புனிதமலர். வணக்கம் இல்லை, அக்கா இல்லை.

பட்ருலைப் பாதி வழியில் திருப்பி வரவழைத்தேன்.
வாய்க்கு வந்தபடி திட்டினான்.
சேறு எழுபத்து நாலு கிலோ.