இரண்டு சென்டிமீட்டர்

ஜூன் வந்தால் மூய் ரிவரில்
விடியற்காலைக் குழாய் தண்ணீர் தராது,
கொஞ்சம் இருமும்.
ஒன்பது மணிக்குத்தான் அதற்குத் தொண்டை திறக்கும்.

எங்கள் கூடத்தில் ஒரு கணப்பு.
செங்கல். மேலே கருத்த பலகை.
நாய் உள்ளே நின்று ஒரு சுற்றுச் சுற்றலாம்.
ரயில்வே துரை ஒருவருக்காக எழும்பிய வீடு இது,
எங்களைப் போன்றவர்கள் இந்தத் தெருவில்
குடியிருக்கச் சட்டம் விடாத நாளில்.
விறகு சுமக்க வேறொருவர் முதுகு இருந்ததால்
வாயை இவ்வளவு அகலமாக வைத்தார்கள் என்பது
என் முதுகு பிடித்துக்கொண்ட
மூன்றாம் குளிர்காலத்தில் விளங்கியது.

மூட்டை மூட்டையாகத் தின்னும்.
முகம் பொரியும், முதுகு விறைக்கும்.
மிச்சச் சூடெல்லாம் புகைபோக்கி ஏறி
நெடுஞ்சாலை லாரிகளுக்கு மேலே
வானம் குளிர்காயப் போய்விடும்.

கவேஷன் பெர்த்திலிருந்து பணம் அனுப்பினான்.
இன்வெர்ட்டர் வாங்குங்கள்,
மின்வெட்டில் நீங்கள் இருட்டில் இருப்பதை நினைத்தால்
தூக்கம் வரவில்லை என்றான்.
இருட்டு எங்களுக்குப் பழக்கம்.
குளிர்தான் இன்னும் பழகவில்லை.

நூற்றுப்பத்துக் கிலோ வார்ப்பிரும்பு.
கண்ணாடிக் கதவு. நான்கு குட்டைக் கால்கள்.
அவனிடம் சொல்லவில்லை.

பெகிதெம்பா கூரையேறித் தூரிகையை இறக்கினார்.
முதலில் கரி, பிறகு கரி,
பிறகு ஒரு மைனாக் கூடு:
கேசட் நாடா, நீலக் கம்பளி நூல்,
ரொட்டிப் பையின் கிளிப்பு.
மைனாவும் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்ததுதான்
என்றார் பூபாலன்.
எதையும் ஒரு கப்பலில் ஏற்றிவிட்டால்தான்
அவருக்கு நிம்மதி.

அடுப்பைத் தள்ளினோம்.
பாதி போயிற்று. நின்றது.

முன்வாயை மட்டும் அளந்திருக்கிறார்.
உள்ளே போகப் போகச் சுவர் நெருங்குவதை
டேப் பார்க்கவில்லை, அவரும் பார்க்கவில்லை.
இரண்டு சென்டிமீட்டர்.
முப்பத்தொரு வருஷத்தில்
இதைவிடச் சின்ன அளவுகளுக்காக
நாங்கள் பேசாமல் இருந்திருக்கிறோம்.

திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார்.
பழைய செங்கல், உடைக்க மனசு வரவில்லை என்றார்.
எனக்கு வந்தது.
உள்வரிச் செங்கல்தான் அம்மா, சுமை தாங்குவதில்லை என்று
பெகிதெம்பா உளியை நீட்டினார்.
இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.
துரையின் சிவப்பு
என் சப்பாத்தில், புருவத்தில், பல்லில்.

எஃகுக் குழாய் மேலிருந்து நெளிந்து இறங்கியது.
தொண்டையைத் தகடு வைத்து அடைத்து
இடுக்கில் வெப்பக்கயிறு திணித்து
தீச்சாந்து பூசினார், மருதாணி வைப்பதுபோல விரலால்.
முதல் மூன்று தீ சின்னதாக இருக்கட்டும்,
வர்ணம் வேகவேண்டும் என்றார்.
போன வருஷம் வெட்டியதென்று விறகுக்காரர் சத்தியம் செய்த
வாட்டில் கட்டையில் ஈரமானியைக் குத்தி
முப்பத்தொன்று என்று காட்டிச் சிரித்தார்.
தன் வண்டியிலிருந்து காய்ந்தது நான்கு கொடுத்தார்.

பற்றவைத்தேன்.
புகை மேலே போகாமல் என்னைப் பார்க்க வந்தது.

குழாய் குளிர்ந்திருக்கிறது,
முதலில் அதற்குக் கொஞ்சம் சூடு கொடுங்கள்.

செய்தித்தாளில் 'வீடு விற்பனைக்கு' பக்கத்தைச் சுருட்டி
கொளுத்தி உள்ளே உயர்த்திப் பிடித்தேன்.
கை சுடும்வரை ஒன்றுமில்லை.
பிறகு ம்ம் என்று ஒரு இழுப்பு,
எழுத்து, விலை, படுக்கையறை எண்ணிக்கை எல்லாம்
மேலேறிப் போயிற்று.

ஆறு மணிக்கு மின்சாரம் நின்றது.
அங்கே நள்ளிரவு. வேலை முடிந்து வந்த கவேஷன்
கைப்பேசித் திரையில்.
என்னம்மா, வெளிச்சம் நல்லா இருக்கே,
இன்வெர்ட்டர் போட்டாச்சா?

பூபாலன் என்னைப் பார்த்தார்.
நூற்றுப்பத்துக் கிலோ என்றார், திரையைப் பார்த்து.

அவ்வளவா! சத்தம் போடுமா?

கண்ணாடிக்குப் பின்னால்
ஒரு கட்டை புரண்டு படுத்தது.

கொஞ்சம் என்றேன். பழகிவிடும்.
நாய் காலை நீட்டிக்கொண்டது.