மூன்றாம் வரிசை

அரசர்களுக்கு வெளிச்சம் போடுவது சுகமான வேலை.
சிவப்புத் தாளை விளக்கின் வாயில் கட்டிவிட்டால்
இராவணன் தன்பாட்டில் எரிவான்.
நகர மண்டபத்தில் நான் எரித்த இராவணன்கள்
ஏழோ எட்டோ.
விழும்போதும் பத்துத் தலையோடு விழுவார்கள்,
பலகை அதிரும்,
முன்வரிசைப் பிள்ளைகள் வீரிட்டுக் கத்தும்.

இந்தமுறை நேசதுரை மாஸ்ரர் எழுதிக்கொண்டு வந்தது
சீனக்குடாவில் ஒரு களஞ்சியத்து
எடைமேடைக் கிளாக்கரை.
"இவருக்கு என்ன நிறம் போட?"
"ரியூப் லைட்" என்றார்.
வேறொன்றும் சொல்லவில்லை.

சாமான் துண்டில்
மேசை ஒன்று, பதிவுப் புத்தகம் ஒன்று,
ஊசி குத்திய செருப்பு ஒரு சோடி,
மூடி வெடித்த சோற்றுப்பெட்டி.
வாள் இல்லை. முடி இல்லை.
ஆளின் பெயர் வில்வராசா,
இருந்த ஒரே ராசா
பெயரின் வாலில்தான் இருந்தார்.
உண்மைப் பெயர். கேட்டதற்கு
"போடுங்கோ, அதுக்கென்ன" என்றாராம்.

பஸ் நிலையச் சுவரில் ஒட்டிய நோட்டீசைப்
பசை ருசிக்கு மான்கள் தின்றன.
தலைப்புப் போயிற்று, பெயரும் போயிற்று.
கட்டணம் நூறு ரூபாய் மட்டும்
விடியும்வரை தப்பியிருந்தது.

கதை பெரிதில்லை.
நாற்பத்திரண்டு மூடை குறைந்த லொறிக்கு
நிறைவு என்று ஒப்பம் கேட்கிறார்கள்.
கிளாக்கர் பேனையை மூடிச்
சட்டைப்பையில் குத்துகிறார்.
வேலை போகிறது, வீடு போகிறது,
கடைசியில் கோணமலை உச்சி,
இராவணன் வெட்டின் விளிம்பு.
அதில் லோகிதன் ஒரு காலைத் தூக்க
நான் நீலத்தைக் கூட்டவேண்டும்.
கடல் கசற்றில் இரையும்.

முதல் இரவு. சனம் மூக்குறிஞ்சியது.
நீலத்தில் நான் கை வைக்க
மூன்றாம் வரிசையில் ஒரு வெள்ளைச் சட்டை எழும்பியது.

"தம்பி, கொஞ்சம் பொறுங்கோ.
நான் ஒப்பம் போட்டனான்."

கசற் ஓடிக்கொண்டிருந்தது.

"மூண்டு இருபதுக்குப் போட்டனான்.
மகளுக்கு அந்தக் கிழமை கண்ணாடி எடுக்கவேணும்.
நாலு மணிக்குத் திரும்பிப் போய்
புத்தகத்தை வாங்கி
என்ர பேரை வெட்டினனான்.
சிரிச்சாங்கள். அடுத்த பக்கத்தில
வேற ஆள் போட்டான்.
மலைக்கு நான் போகேல்ல.
சந்தைக்குப் போனனான், அண்டைக்குச் சூடை மலிவு.
பதினொரு வருசமா
அதே இடத்தில கேற் திறந்து விடுறன்.
கதிரை இல்லை. அவ்வளவுதான்."

மேடையில் லோகிதன்
ஒரு கால் அந்தரத்தில்,
குதிக்கவும் தெரியாமல் இறங்கவும் தெரியாமல்.

எனக்குள் ஏதோ இடம் மாறியது.
மலையைப் பிளந்தது ஒரு வெட்டு,
அதைப் பார்க்கக் கப்பலேறி வருகிறார்கள்.
நீலக் கோடு போட்ட தாளில்
சொந்தப் பெயரின் குறுக்கே
நாலு மணிக்கு விழுந்த வெட்டை
எந்தக் கல்லில் போய்ப் பார்ப்பது?
போட்டதும் அந்தக் கைதான்.
வெட்டியதும் அந்தக் கைதான்.
குதித்த ஒருவனுக்கு
மறுநாள் எட்டு மணி என்று ஒன்று கிடையாது.
இவருக்கு நாலாயிரம் எட்டு மணிகள்.

யாரும் சொல்லவில்லை,
விளக்கை அவர்பக்கம் திருப்பினேன்.
முகத்துக்கு முன்னால் கையைப் பிடித்தார்,
ஏதோ அடிக்க வந்ததைப்போல.
"கண் கூசுது, நூருங்கோ."
நூர்த்தேன்.
செருப்பைத் தேடும் சத்தம் கேட்டது,
பிறகு கதவு.
நிலாவெளிக் கடைசி பஸ் ஒன்பதே காலுக்கு.

மாஸ்ரர் ஒரு வரியும் மாற்றவில்லை.
"நாடகத்துக்கு ஒரு முடிவு வேணுமெல்லே" என்றார்,
அதிலும் நியாயம் இருந்தது.
இரண்டாம் இரவு லோகிதன் ஒழுங்காகக் குதித்தான்.
மூன்றாம் இரவும்.

நான் மட்டும்
அவன் காலைத் தூக்குமுன்
ஒரு மூச்சு நேரம்
மூன்றாம் வரிசை வெறும் கதிரையில்
வெளிச்சத்தை வைத்து எடுத்தேன்.

சனம் திரும்பிப் பார்த்தது.
வயரில் ஏதோ பிழை என்று
பக்கத்தில் இருந்தவர் சொன்னது
எனக்கும் கேட்டது.