ஸ்வல்ப

ஞாயிறு காலை ஆறு மணிக்கு
முதுகில் மெத்தையோடு ஏறினால்
ஆட்டோக்காரர் கேட்பார்:
வீடு மாத்துறீங்களா?
துரஹள்ளி, என்பேன். பாறைக்கு.
மேற்கொண்டு பேசமாட்டார்.
மெத்தைக்கும் சேர்த்து முப்பது ரூபாய் அதிகம்.

பெள்ளியப்பாவின் நோட்டில்
ஒவ்வொரு பாறைக்கும் ஓர் எண், இரண்டு வரி.
'யானைக்காது, இடப்பக்கம். ஆறு ஏ.
துவக்கம் சுலபம். நடுவில் ஸ்வல்ப கஷ்டம்.
பிறகு கை நீட்டினால் நல்ல பிடி.'

அந்த 'ஸ்வல்ப'வுக்குள்
பதினோரு ஞாயிறுகள் இருந்தன.

எண்களை விட்டுவிட்டேன்.
வார்த்தைகளைப் படிக்கத்தான் நாளாயிற்று.
மெல்லிசு என்றால், பிடி என்று ஒன்று இல்லை.
விறுவிறுப்பு என்றால், விழும் இடத்தில் கல் இருக்கிறது.
கிரிம்ப் என்பது நகக்கண்ணால் தொங்குவது;
பஸ் கதவின் விளிம்பைப் பிடித்தபடி
சில்க் போர்டு வரை வந்தவர்களுக்கு
விளக்க வேண்டாம்.
ஸ்லோப்பர், வழுக்கும் உருண்டையை
உள்ளங்கை முழுதாக ஒப்புக்கொள்வது.
டைனோ, இரண்டு கால்களும் ஒரே நொடியில்
பாறையை மறந்துவிடுவது.
சுலபம் மட்டும் இன்னும் பிடிபடவில்லை.
ஏறி முடித்தவர்கள்
மேலே உட்கார்ந்து சொல்லும் சொல் அது.

பெள்ளியப்பா ஆறடி இரண்டங்குலம்.
'கை நீட்டினால்' என்று எழுதியதில் பொய்யில்லை.
நான் நாலடி பதினொன்று.
அவர் கை போய்ச் சேரும் இடத்துக்கு
ஒரு சாண் கீழே
எனக்கு வெறும் கல்,
சில நாள் ஒரு பல்லி.

பன்னிரண்டாம் ஞாயிறு
விழுந்து கிடந்தபடி அண்ணாந்தபோது கண்ணில் பட்டது:
ஒற்றைச் சோற்றுப் பருக்கை அளவு
வெள்ளைக் கல், இடுப்புக்கு மேலே, வலப்பக்கம்.
முழங்கால் காதை உரச
பெருவிரலை அதில் வைத்தேன்.
எழுந்தேன்.
அப்படி யாரும் எழுந்ததில்லை,
அல்லது எழுதியதில்லை.

மேலே தைல மரங்கள்.
பாதி கட்டிய அடுக்ககம்.
எங்கோ குக்கர் மூன்றாவது விசில்.

எப்படி இருந்தது? நவ்ஷீன் கீழிருந்து கத்தினாள்.
வாயில் வந்துவிட்டது:
ஸ்வல்ப.

பிறகு பெள்ளியப்பா என் வழியில் ஏறிப் பார்த்தார்.
அவ்வளவு நீளக் காலை மடக்க
அங்கே இடமில்லை.
மூன்று முறை மெத்தையில் விழுந்தார்.
இது ஆறு ஏ இல்லை, என்று
நோட்டையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார்.

அவர் வரியை அடிக்கவில்லை.
அதன் கீழே தமிழில் எழுதினேன்:
'எட்டாதவர்களுக்கு: வெள்ளைப் பருக்கை,
வலது பெருவிரல். நம்பி எழவும்.'

என்ன அது? என்றார்.
தட்டுத்தடுமாறிக் கன்னடத்தில் சொல்லிக்கொண்டே வந்தேன்.
பருக்கைக்குச் சொல் கிடைக்காமல்
விரல் நுனியைக் காட்டினேன்.
நம்பி என்பதற்கு எதுவும் தேட வேண்டியிருக்கவில்லை.
அங்கேயும் அதே சொல்தான்.

எண்?
அடுத்த ஞாயிறு சொல்கிறேன்.
அதற்குள் வெயில் ஏறி
பாறை வியர்க்கத் தொடங்கியிருந்தது,
அல்லது என் கை.