தப்பாக அச்சடித்த புத்தகம்

காந்தி வீதி, ஞாயிற்றுக்கிழமை.
மூடியில்லாத மிக்ஸி ஜார், ஒற்றை ரோலர் ஸ்கேட்,
பிரெஞ்சு ராணுவத் தண்ணீர்க் குடுவை,
இவற்றுக்கு நடுவில்
குப்புறக் கிடந்தது.

அமலோற்பவம் சொன்னாள்:
"தப்பா அச்சடிச்சது சார்.
பின்னாலருந்து ஆரம்பிக்குது.
எண்பது ரூபா. உங்களுக்கு அறுபது."

வலமிருந்து இடம் போகும் எழுத்து.
எனக்கு அதில் ஒன்றும் தெரியாது.
ஆனால் பழைய புத்தகம் வாங்கி விற்றே
பைக் கடனை அடைத்தவன் நான்.
தாளைத் தொட்டால் விரல் சொல்லிவிடும்.
ஐம்பது கொடுத்தேன்.
பேரம் பேசியதை மறைக்கவில்லை,
எழுதிவைக்கிறேன்.

முத்தியால்பேட்டை மாடியில்
ஃபேனை நிறுத்திவிட்டுத் திறந்தேன்.
படம் எடுத்து அனுப்பியதற்கு
ஆன்ட்வெர்ப்காரர் ஒரு மணி நேரத்தில் பதில் போட்டார்:
இத்திஷ் மொழி. யூதச் சிறுகதைகள், பதினொன்று.
வார்சா, 1938. முதல் பதிப்பு.

எட்டுக் கதைவரை தாள்களைப் பிரித்திருந்தார்கள்,
ஏதோ வெண்ணெய்க் கத்தியால், அவசரமாக.
அதற்கப்புறம்
அச்சகத்தில் மடித்த மடிப்பு அப்படியே,
உரிக்காத வெங்காயம்.
கடைசி மூன்று கதைகளை யாரும் படிக்கவில்லை.
யாருமே என்றும் சொல்ல முடியாது.
அட்டையிலிருந்து அட்டைக்கு
குண்டூசி அகலத்தில் ஒரு பூச்சி நேராகப் போயிருக்கிறது.
பதினொன்றையும் முடித்தது
அது ஒன்றுதான்.

"தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள்,
வெட்டாத தாளுக்குத்தான் விலை.
இன்னும் மூன்று பிரதிகள்தான் இருப்பதாகத் தெரிகிறது."
மற்றவை என்ன ஆயின என்று நான் கேட்கவில்லை.
ஊரும் ஆண்டும்
பக்கத்தில் பக்கத்தில் அச்சாகியிருந்தன.

அவர் சொன்ன தொகையை
ரூபாயில் மாற்றிப் பார்த்தேன்.
கை கழுவிவிட்டு வந்து
இன்னொரு தடவை மாற்றிப் பார்த்தேன்.

கடைசி அட்டையின் உள்ளே
(எனக்குக் கடைசி, அதற்கு முதல்)
பென்சிலில் பிரெஞ்சு.
கீழ்வீட்டு ஸ்தெல்லா, சொல்தா பென்ஷன்காரி,
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தாள்:

பாரிஸ், 1946.
சிப்பாய் வேதகிரிக்கு.
கோட்டுக்குப் பொத்தான் தைத்ததற்குக் காசு வேண்டாம்.
ஒரு வேலை செய்.
எட்டாவது கதையில் வரும் தெரு எங்கள் தெரு.
அதற்கு மேல் என்னால் போக முடியவில்லை.
படிக்கத் தெரிந்தவர் யாராவது எதிர்ப்பட்டால்
மீதியைப் படித்துவிடச் சொல்.

வேதகிரி யாரைத் தேடினானோ,
எந்தப் பாளையத்தில், எந்தத் துறைமுகத்தில்.
எட்டாவது கதை முடிகிற இடத்தில்
சைகோன் கப்பல் சீட்டு ஒன்று.
படிக்கத் தெரியாதவன்
அடையாளம் வைத்திருக்கிறான்.

ஆன்ட்வெர்ப்காரருக்கு ஒரே வரி எழுதினேன்:
உங்களுக்கு இதைப் படிக்க வருமா?

இரண்டு நாள் கழித்துப் பதில்:
"வராது. எங்கள் வீட்டில் படிக்கத் தெரிந்த கடைசி ஆள்
1971-ல் போய்விட்டார்.
விலைதான் தடை என்றால் சொல்லுங்கள்."

வெட்டாமலும் பார்க்கலாம்.
மடிப்பைக் குழல்போல் உப்பவைத்து
செல்போன் டார்ச்சை அடித்தால்
உள்ளே எழுத்துகள் தெரிகின்றன,
கிணற்றுச் சுவரில் பல்லிகள்போல்.
அசைவதில்லை.
மூன்று ராத்திரி அப்படிப் பார்த்தேன்,
ஒன்றும் விளங்காமல்.
கத்தி மேசைமேல்தான் இருந்தது,
மாம்பழம் நறுக்கியது, கழுவி வைத்தது.

அடுத்த ஞாயிறு,
குறைத்த பத்து ரூபாயை நீட்டினேன்.
ஏதோ பழைய பாக்கி என்று
அமலோற்பவம் வாங்கிச் செருகிக்கொண்டாள்.

"அந்தத் தப்பு அச்சு என்ன ஆச்சு சார்?"
"படிச்சிட்டிருக்கேன்."
"எதுவரைக்கும்?"

கருவாட்டு வேன் ஒன்று
ஹாரன் அடித்துக்கொண்டே எங்களுக்கு நடுவில் புகுந்தது.
அது போகும்வரை
நான் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.