அட்டைக் காலுறை

நாலு மணிக்கு வரவேண்டிய வான் வரவில்லை.
மேலே மண் சரியலாம், அருவிப் பாதையை மூடிவிட்டார்கள் என்ற செய்தியை
வெள்ளவத்தைச் சந்தியில்
முதுகுப்பையோடு நின்றுதான் வாசித்தோம்.

வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம்.
ஆனால் இடியப்பப் பார்சல் ஐந்து கட்டியாயிற்று,
நால்வருக்கு நாலு, வழிகாட்டி யோகராஜாவுக்கு ஒன்று.
தர்ஜினியின் காலில் புத்தம்புதிய அட்டைக் காலுறை,
முழங்கால் வரைக்கும், வெள்ளையாய்.
"கழட்டமாட்டன். ஆயிரத்து எண்ணூறு ரூபா."

ஓட்டோ பிடித்துக் கிருலப்பனைப் பாலத்தில் இறங்கி
கால்வாய்க் கரையோடு கடலுக்கு நடந்தோம்.

ஞாயிறு. பாதி ஊர் அங்கே நடந்தது.
அரைக்காற்சட்டை மனிதர் ஒருவர் காலுறையைப் பார்த்து நின்று
இங்கேயும் அட்டை இருக்கா என்றார் சிங்களத்தில்.
இருக்கு, மாதம் ஒண்டாந் திகதி
வாடகைக்கு வரும் என்றாள் தர்ஜினி.
அவர் சிரித்த சத்தத்துக்கு
கபரகொய்யா ஒன்று தண்ணீருக்குள் வழுக்கியது.

இல்யாஸ் மட்டும் விடவில்லை,
பயணத்திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டே வந்தான்.
"முதலாவது அருவி" என்றான்:
ஒரு லேனின் வடிகான் வாய்,
இரவு மழையை ஆறடி கீழே கொட்டிக்கொண்டிருந்தது,
ஒரு ரப்பர்ச் செருப்போடு.
"செங்குத்துப் பாறை":
பதினைந்து மாடி. கயிற்றில் தொங்கி
இரண்டு பெயர் வெள்ளை அடித்தார்கள்.
அவர்களை அண்ணாந்து பார்த்ததற்கே
என் உள்ளங்கால் கூசியது.

எனக்கு உயரம் பயம்.
இவர்களிடம் சொல்லவில்லை.
மழை வரட்டும், மழை வரட்டும் என்று
மூன்று இரவு வேண்டிக்கொண்டு படுத்தவன் நான்.
மழை வந்தது.
அது இறங்கும் சரிவில்
லயங்கள் இருக்கும் என்று
நினைக்கவில்லை.

கடைசிப் பாலத்துக்கு அப்பால் கடல்.
தண்டவாளத்துக்குக் கீழே கால்வாய் உப்புக்குள் நுழைகிற இடத்தில்
தண்ணீர் தேயிலைச் சாயம்.
இல்யாஸ் தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டான்.
பின்னால் பிள்ளைகள், பாத்திரச் சத்தம்.
"பள்ளிக்கூடத்துல இருக்கோம் சார்.
பதினேழு குடும்பம்.
பாதைக்கு ஒன்னும் ஆகல.
அடுத்த மாசம் வாங்க, நல்லா தண்ணி இருக்கும்."

காலி நோக்கிப் போகும் ரயில்
மிச்சத்தை மூடிவிட்டது.

கல்லில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.
சம்பல் உறைத்தது. தர்ஜினி காலுறையைக் கழற்றினாள்.
ஐந்தாவது பார்சலை
யாரும் பிரிக்கவில்லை, யாரும் எறியவுமில்லை.
அது என் பையில்தான் இருந்தது,
ஹம்டன் லேன் வரைக்கும்,
முதுகில் சூடு ஆறாமல்.