அட்டவணை நான்கு, வடக்கு முகப்பு

இரவு பத்தரை. வெளியே இன்னும் வெயில்.
ஜூன் மாத ஓலசுண்டில் இதற்கு வெயில் என்றுதான் பெயர்.
அடுப்பில் காபி சுண்டுகிறது.
ஓட்வார் தூங்கப் போய்விட்டான்.
யாரென்று தெரியாத ஒருவரின்
முப்பத்தோரு பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன்,
கூலி இல்லாமல்.

கட்டுமான மேலாண்மைக்கான ஆய்விதழ்.
எழுதியவர் பெயர் எனக்குத் தெரியக்கூடாது,
என் பெயர் அவருக்கு.
இருவருமே கண்ணைக் கட்டிக்கொண்ட
கண்ணாமூச்சி.

“வட ஐரோப்பியக் கடலோர நகரம் ஒன்றில்
ஆறு மாடிக் குடியிருப்பு” என்கிறது மூன்றாம் பக்கம்.
ஊர்ப் பெயரை அழித்திருக்கிறார்கள்.
தேதிகளை அழிக்க மறந்துவிட்டார்கள்.

மே பத்தொன்பதிலிருந்து அறுபத்தொன்பது நாள்
வடக்கு முகப்பில் ஒரு கரண்டிச் சாந்தும் ஏறவில்லை.
காரணம்: பல மொழி பேசும் பணிக்குழுக்களிடையே
ஒருங்கிணைப்புக் குறைவு.
கெழு பூச்சியம் புள்ளி நான்கு ஒன்று.
பக்கத்தில் இரண்டு நட்சத்திரம்,
ஓட்டலுக்குப் போடுவதுபோல.

பன்னிரண்டு வருடம் வேலைத்தளத்தில் நின்றவள் நான்.
தாமதம் என்றால் வெளிநாட்டுக் கொத்தனாரைக் காட்டுவது
எவ்வளவு சுலபமென்று தெரியும்.
நானும் காட்டியிருக்கிறேன்.

அந்த அறுபத்தொன்பது நாளையும் எனக்குத் தெரியும்.
மூன்று வருடம் முன்பு,
பாத்திரம் துலக்கும் இடத்துக்கு நேர் எதிரே,
சாரத்தின் நான்காம் தட்டில்
கடற்காகம் ஒன்று கூடு கட்டியது.
பெயரில்தான் காகம், மற்றபடி வெள்ளை.
முட்டையிட்டுவிட்டால் கூட்டைத் தொடச் சட்டம் விடாது.
நகராட்சியிலிருந்து ஒரு பெண் வந்து
சிவப்பு நாடா கட்டிவிட்டுப் போனாள்.
லித்துவேனியாக்காரர் ரிமந்தாஸ்
கையில் காய்ந்துகொண்டிருந்த சாந்தோடு
வேலிக்கு அப்பாலிருந்து
இரண்டு விரல் காட்டினார்: இரண்டு முட்டை.
ஜூன் கடைசியில் ஒரு விரல்.
எங்களுக்குப் பொது மொழி கிடையாது.
ஒருங்கிணைப்பில் குறை இருந்ததாக நினைவில்லை.

இதை எப்படி எழுத?
சமையலறை ஜன்னலை மேற்கோள் காட்ட
எந்தப் பாணியிலும் வழியில்லை.
எழுதினால் நான் யாரென்று தெரிந்துவிடும்.
அதைவிட,
இது வேறு ஊராக, வேறு கட்டடமாகவும் இருக்கலாம்.
சாம்பல் நிற ஆறு மாடிகள்
இந்தக் கரை நெடுக நிற்கின்றன.
ஒரு பறவையைப் பார்த்துவிட்டவளுக்கு
எல்லாத் தாமதத்திலும் இறகு தெரியும்.

பதிப்பாசிரியருக்கு மட்டுமான கட்டத்தில் எழுதினேன்:
“கட்டடம் எனக்குத் தெரிந்ததாக இருக்கலாம்.
வேண்டுமானால் வேறு ஒருவரிடம் கொடுங்கள்.”
“தொடருங்கள்” என்று வந்தது, காற்புள்ளிகூட இல்லாமல்.

ஏழாவது குறிப்பு. நான்கு முறை அழித்து எழுதியது:
“அட்டவணை நான்கு. வேலைத்தளக் குறிப்பேட்டைப் பார்த்தீர்களா?
மே மாதம் அங்கே நின்றவர் யாரையாவது கேட்டீர்களா?”

பதினோரு வாரம்.
இப்போது பத்தரைக்கு நல்ல இருட்டு.
“இரண்டாம் மதிப்பாய்வாளரின் கூர்மையான குறிப்புக்கு நன்றி.”
புதிதாக ஒரு மாறி சேர்ந்திருக்கிறது:
பறவை. இருந்தால் ஒன்று, இல்லையேல் பூச்சியம்.
கூடு, நாடா, விழுந்த முட்டை, இரண்டு விரல்,
எல்லாம் சேர்ந்து ஒன்று.
மொழியின் பக்கத்திலிருந்த நட்சத்திரங்கள் உதிர்ந்துவிட்டன.

முடிவுரையில் மட்டும் அந்தப் பழைய வாக்கியம்
பல மொழிக் குழுக்களைத் தவிர்க்கச் சொல்லி
அப்படியே நிற்கிறது.
எடுக்க மறந்திருப்பார்கள்.
மறக்காமலும் இருந்திருப்பார்கள்.

“சிறு திருத்தம்” கட்டத்தில் வைத்த குறியை எடுத்து
“பெரிய திருத்தம்” கட்டத்தில் வைத்தேன்.
ஒரு வாக்கியத்துக்கா, என்றான் ஓட்வார்,
கொட்டாவியோடு.

எதிரே நான்காம் மாடியில் விளக்கெரிகிறது.
பூசி முடித்த சுவருக்குள் யாரோ
பாத்திரம் துலக்குகிறார்கள்.
வரி எண் நானூற்றுப் பன்னிரண்டு, என்று தொடங்கினேன்.